எழுபத்தோராவது உறவு

பக்கத்து மேஜை அம்மா நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் உட்காருகிறார். இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல, பதினொரு வருடமாக இப்படித்தான், அதுவும் அதே நாற்காலி. முதலில் முன்னும் பின்னும், அப்புறம் இடமும் வலமும். பிறகு குனிந்து, அடியில் இருக்கும் நாலு திருகாணிகளையும் விரலால் தடவிப் பார்ப்பார். அதற்குள் நான் இரண்டு மெயில் படித்து முடித்திருப்பேன். பொறுக்க மாட்டாமல் ஒருநாள், "விழுந்தா தெரியப்போகுது, உட்காருங்க" என்று சொல்லிவிட்டேன். "விழுந்த பிறகு தெரியறதுக்கு நான் எதுக்கு?" என்றார்.

எங்கள் கம்பெனி லிஃப்ட் செய்கிறது. மாடிக்குப் போகிற லிஃப்ட் இல்லை. சக்கர நாற்காலியில் இருப்பவர்களைப் பேருந்துக்குள் ஏற்றுகிற லிஃப்ட். கதவுக்குக் கீழே மடிந்து கிடக்கும். பொத்தானை அழுத்தினால் விரிந்து தரைக்கு வந்து, ஆளோடு நாற்காலியைத் தூக்கி உள்ளே விடும். அதை எப்படி உபயோகிப்பது என்று கையேடு எழுதுகிற வேலை எனக்கு. அது உடையுமா உடையாதா என்று, இரும்பை வெட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்கிற வேலை அவருக்கு. பக்கத்துப் பக்கத்து மேஜை. அவருக்கு வயது நாற்பத்து மூன்று, ஒல்லியான உடம்பு, எந்நேரமும் எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்தவரைப் போன்ற முகம். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. ஆபீஸில் எல்லோருக்கும் அவர் சம்பந்தியம்மா.

இந்தப் பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால், அவர் செய்யும் வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயப்பட வேண்டாம், எனக்கே புரிந்திருக்கிறது.

லிஃப்டின் ஒவ்வொரு பாகத்தையும் வரைபடக்காரர்கள் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிறார்கள். அவற்றைச் சேர்த்து வைத்து, மேலே ஒரு சுமையை ஏற்றினால் எங்கே எவ்வளவு வலி எடுக்கிறது என்று மெஷின் கணக்குப் போடும். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. "அங்கதான் சங்கதியே" என்பார் சம்பந்தியம்மா. "கம்ப்யூட்டருக்குள்ள இரும்புக்கு இரும்பைத் தெரியாது. ஒரு தகட்டு மேல இன்னொரு தகட்டை வெச்சா, உட்காரும்னு நாம நினைப்போம். அது பாட்டுக்கு உள்ள புகுந்து அந்தப் பக்கமா வெளிய போயிடும். நாமதான் சொல்லணும். இதோ பாரு, இவங்க உன் மேல சாயறாங்க, தாங்கிக்கோன்னு."

அப்படி யார் யாரைத் தொடுகிறார்கள், எப்படித் தொடுகிறார்கள் என்று ஒவ்வொரு இடத்திலும் சொல்லிவைப்பதுதான் அவர் வேலையில் பெரும்பகுதி. ஒரு லிஃப்டில் எழுபத்தொரு இடங்கள். மெஷின் அதுவாகவே எண் போட்டு ஒரு பெயர் வைக்கும். அந்தப் பெயர் இவருக்கு ஆகாது. ஒவ்வொன்றையும் அழித்துவிட்டுத் தன் பெயரை வைப்பார். வெல்டு அடித்த இடமென்றால் ‘புருஷன் பொண்டாட்டி’. ஒன்றை இழுத்தால் மற்றதும் கூடவே வரும். பள்ளத்துக்குள் தண்டவாளம்போல ஓடுகிற இடம் ‘ஓரகத்தி’. நாளெல்லாம் உரசிக்கொண்டே இருக்கலாம், ஆனால் வீட்டை விட்டு வெளியே போக முடியாது. ஒரு தகடு இன்னொன்றின் மேல் சும்மா படிந்திருக்கிற இடம் ‘சம்பந்தி’.

"அழுத்தினா தோளோட தோள் நின்னு தாங்குவாங்க. இழுத்துப் பாருங்க, அவங்கவங்க வீட்டைப் பார்க்கப் போயிடுவாங்க. சம்பந்திங்களைப் பத்தி வேற என்ன தெரியணும்?"

இதைக் கேட்டு மேலாளர் சிரித்த சிரிப்பில் பிறந்ததுதான் அந்தப் பெயர். சம்பந்தியம்மாவுக்கு அதில் வருத்தமில்லை. மெயிலின் கீழேகூட ஒரு தடவை ‘சம்பந்தி’ என்று போட்டு அனுப்பிவிட்டு, அரை நாள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

தொடுவதைச் சொன்னால் மட்டும் போதாது, கட்டியும் வைக்க வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் ஓடிப்போக ஆறு வழி உண்டாம்: மூன்று திசையில் நகரலாம், மூன்று விதமாகத் திரும்பலாம். ஆறையும் அடைக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால், சுமை ஏறிய மாத்திரத்தில் அந்தப் பாகம் திரையை விட்டே பறந்துவிடும். "ஓடிப்போயிட்டான்" என்று கையை விரிப்பார். ஆனால் ஓடிப்போகிறவன்மேல் அவருக்குக் கோபம் கிடையாது.

"ஓடிப்போறவன் நல்லவன், எழுத்துக்காரரே. தப்பு இருக்குன்னு காட்டிக்கொடுத்துட்டுப் போறான். ஒட்டக் கூடாத இடத்துல ஒட்டிக்கிட்டு நிக்கறான் பாருங்க, அவன்தான் ஆபத்து. எல்லாம் நல்லாருக்குன்னு பச்சைக் கலரைக் காட்டுவான்."

திரையில் வலி அதிகமான இடம் சிவப்பாகத் தெரியும்; நீலமும் பச்சையும் என்றால் நிம்மதி. மற்றவர்கள் சிவப்பைக் கண்டு பயப்படுவார்கள். இவருக்குப் பச்சையைப் பார்த்தால்தான் பயம். இழுப்பறையில் வயிற்றெரிச்சல் மாத்திரை அட்டை எப்போதும் இருக்கும். வீட்டிலும் இதே கூத்துதான் போலிருக்கிறது. "எங்க வீட்டு ஃபேன் கொக்கியை இவ ஏறிப் பார்க்காத மாசம் கிடையாது சார்" என்று அவருடைய கணவர் ஒருமுறை என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். பேருந்தில் நின்றுகொண்டு வரும்போது இரண்டு கையாலும் இரண்டு வெவ்வேறு கம்பியைப் பிடிப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு கம்பி கழன்று வந்தால் இன்னொன்று இருக்க வேண்டுமாம்.

இந்தப் பயத்தோடு பக்கத்து மேஜையில் குடித்தனம் நடத்துவது லேசில்லை. சில நாள் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். போன வருடம் ஒரு தடவை, கிளம்பத் தயாராக நின்ற ஆறு லிஃப்டுகளை "ஒரு சந்தேகம்" என்று மூன்று நாள் நிறுத்திவைத்தார். கடைசியில் ஒன்றுமில்லை. மேலாளர் நல்ல மனிதர்தான், ஆனால் தேதிக்குப் பயந்தவர். "இன்னொரு தரம் காரணமில்லாம நிறுத்தினீங்கன்னா, கையெழுத்துப் போடற வேலையை வேற யார்கிட்டயாவது கொடுத்துடுவேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். சம்பந்தியம்மா கையெழுத்துப் போட்டால்தான் லிஃப்டில் ஆள் ஏறலாம் என்பது எங்கள் கம்பெனி விதி. அன்று முதல் சம்பந்தியம்மா இரண்டு பக்கமும் பயப்பட ஆரம்பித்தார், நிறுத்தவும் பயம், நிறுத்தாமல் விடவும் பயம்.

இனி ஹலோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வரவேற்பறையில் போன் எடுக்கிற பெண். அந்த ஒரு வார்த்தையை மூன்று சுருதியில் சொல்வதால் அவளுக்கு அதுவே பெயர். ஒன்பது வயதிலிருந்து சக்கர நாற்காலி. மதியச் சாப்பாடு சம்பந்தியம்மாவோடுதான். இருவரும் டப்பாவை மாற்றிக்கொண்டு, ஊர் வம்பு பேசிக்கொண்டு, அரை மணியை முக்கால் மணியாக்குவார்கள். காலையில் ஹலோ பேருந்தில் ஏறவேண்டுமென்றால், நிறுத்தத்தில் நிற்கிற யாராவது இரண்டு பேர் தூக்கி வைக்க வேண்டும். "மூட்டை தூக்கறமாதிரி தூக்குவாங்க. நல்ல மனசுதான், இல்லேங்கல. ஆனா யார் கை எங்க படுதுன்னு பார்க்க எனக்குக் கண்ணு பத்தாது" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டார்.

அதனால் புது லிஃப்ட் தயாராகிறது என்றதும் ஹலோ மேலாளரிடம் போய், முதலில் ஏறப்போவது தான்தான் என்று சொல்லிவைத்துவிட்டாள். பேருந்து கம்பெனியிலிருந்து இரண்டு அதிகாரிகள் பார்க்க வரும் நாள் குறித்தாயிற்று. வியாழக்கிழமை காலை பத்து மணி. "என்னை யாரும் தொடாம நான் பஸ்ஸுல ஏறப்போறேன்" என்று போனில் விசாரித்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு சின்ன மாற்றம் வந்தது. லிஃப்டின் தூக்குகிற கையைப் பேருந்தின் இரும்புச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் பிராக்கெட் ஒன்று உண்டு. உள்ளங்கை அகலத் தகடு, நாலு போல்ட். அந்த இடத்தில் ஒரு வயர்க் குழாய் குறுக்கே வந்ததால் போல்ட்டுகளை இரண்டு விரல் கீழே இறக்கிப் புது பிராக்கெட் வரைந்தார்கள். பழைய பிராக்கெட்டோடு முழுச் சுமையில் இரும்புக் கட்டிகளை ஏற்றிச் சோதித்தாகிவிட்டது. புதியதற்கு நேரமில்லை, கணக்கு மட்டும் போதும் என்றார் மேலாளர். சம்பந்தியம்மா இரண்டு நாள் கணக்கு ஓட்டினார். எல்லாம் பச்சை. உறவுப் பட்டியலை எண்ணிப் பார்த்தார், எழுபத்தொன்று. புதன்கிழமை சாயங்காலம் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை காலை கையேட்டை அச்சுக்கு அனுப்ப வேண்டியிருந்ததால் நான் ஏழே முக்காலுக்கே போனேன். சம்பந்தியம்மா வந்திருந்தார். உட்காரவில்லை. நாற்காலியை ஆட்டவும் இல்லை. திரைக்கு முன்னால் நின்றபடி இரண்டு உள்ளங்கையையும் மேஜையில் ஊன்றியிருந்தார்.

"இதைப் படிங்க" என்றார்.

பட்டியலைப் படித்தேன். புருஷன் பொண்டாட்டி ஒன்று, இரண்டு, மூன்று. ஓரகத்தி. சம்பந்தி. மறுபடி சம்பந்தி. கடைசி வரியில் ‘கான்டாக்ட் ரீஜன் 71’ என்று இருந்தது.

"இதுக்கு நான் பேர் வைக்கல."

"அதனால என்ன?"

"பழைய பிராக்கெட்டை எடுத்துட்டுப் புதுசை உள்ள போட்டேன்ல. பழசு போனப்போ அதோட உறவும் போயிடுச்சு. மெஷின் பார்த்துச்சு, ரெண்டு தகடு பக்கத்துல பக்கத்துல இருக்கு. சரி, இவங்க புருஷன் பொண்டாட்டின்னு அதுவா ஒட்டிவெச்சிடுச்சு. எண்ணிக்கை சரியா இருந்துச்சு. எண்ணினேன். படிக்கல."

புது பிராக்கெட்டும் பேருந்துச் சட்டமும் தொடுகிற இடம் அது. நிஜத்தில் அவை சம்பந்திகள். சுமை ஏறும்போது பிராக்கெட்டின் மேல் விளிம்பு சட்டத்தை விட்டு விலகப் பார்க்கும். அதைப் போல்ட்டுகள் மட்டும்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும். கணக்கிலோ தகடு முழுவதும் பசை தடவினதுபோல் ஒட்டிக்கிடந்திருக்கிறது. போல்ட்டுகளுக்கு வேலையே இல்லை, சும்மா நின்றிருக்கின்றன. அதனால்தான் அத்தனை பச்சை.

ஏழு மணிக்கே அதைத் திருத்தி மறுபடி ஓட விட்டிருந்தார். ஒட்டியிருப்பதைக் கணக்குப் போட மெஷினுக்கு நிமிஷம் போதும். தொட்டும் தொடாமலும் இருப்பதென்றால் மெஷின் திணறும். வைத்துப் பார்க்கும், சரிவராது, கொஞ்சம் பின்வாங்கி மறுபடி வைத்துப் பார்க்கும். முடியப் பன்னிரண்டு மணி ஆகும் என்று திரை சொன்னது.

"தாங்கலாம்ல?" என்று கேட்டேன். என் கையேட்டின் முதல் பக்கத்தில் ‘முற்றிலும் பாதுகாப்பானது’ என்று நான் எழுதியிருந்தேன்.

"தாங்கலாம். தாங்காமலும் போகலாம். அதான் தெரியலையே."

மேலாளர் வந்ததும் சம்பந்தியம்மா நேரே அவர் அறைக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். போனதற்கு உபயோகமாக ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

"உடையுமா?" என்றார் மேலாளர்.

"தெரியல சார்."

"உடையாதா?"

"அதுவும் தெரியல."

"அப்போ உங்களுக்கு என்னதாம்மா தெரியும்?"

"நான் கையெழுத்துப் போட்ட கணக்கு வேற ஏதோ லிஃப்ட்டோடது. அது தெரியும்."

மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். போன வருடத்து ஆறு லிஃப்டை ஞாபகப்படுத்தினார். இன்று திருப்பி அனுப்பினால், வருகிறவர்கள் இனி மூன்று மாதத்துக்கு வரமாட்டார்கள் என்றார். கடைசியாக, "பத்து மணிக்குள்ள உங்க மெஷின் வேண்டாம்னு சொன்னா நிறுத்திடறேன். சொல்லலைன்னா ஓட்டுவோம். நிறுத்தி, அப்புறம் ஒண்ணுமில்லைன்னு ஆச்சுன்னா, முன்னாடியே சொல்லியிருக்கேன்" என்றார். சம்பந்தியம்மா தலையை ஆட்டிவிட்டு வந்தார். நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் மெஷின் நூற்றுக்கு ஐம்பத்தெட்டில் நின்றது. அவர் தன் கணக்கு அறிக்கையைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினார்.

பேருந்து கதவைத் திறந்துகொண்டு நின்றது. லிஃப்ட் தரையில் விரிந்து கிடந்தது. பேருந்து கம்பெனிக்காரர்கள் இருவர், மேலாளர், பட்டறை ஃபிட்டர், வேடிக்கை பார்க்க நாங்கள் ஏழெட்டுப் பேர். ஹலோ புது உடுப்பில் வந்திருந்தாள், தலையை வழக்கத்தைவிட உயரமாகப் பின்னியிருந்தாள். சக்கரத்தைத் தானே தள்ளிக்கொண்டு பலகைக்கு ஒரு அடி முன்னால் வந்தபோது சம்பந்தியம்மா குறுக்கே போய் நின்றார்.

"நகருங்கக்கா."

"இன்னிக்கு வேண்டாம்மா."

"ஏன்?"

"எனக்குப் பயமா இருக்கு."

"உங்களுக்கு எப்பதான் பயமில்ல?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேனோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஹலோவின் முகம் மாறிவிட்டது.

"காலையிலேர்ந்து எல்லாரும் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டுப் பேசறீங்க. கண்ணாடி வழியா பார்த்துட்டுத்தான் இருந்தேன். ஏத்தலாம், ஏத்த வேண்டாம். ஏறப்போறவ நான். எங்கிட்ட யாராவது ஒரு வார்த்தை வந்து சொன்னீங்களா? நீங்களாவது சொன்னீங்களாக்கா?"

அவள் கேட்டது எங்கள் அத்தனை பேரையும்தான். சம்பந்தியம்மா மேலாளர் பக்கம் திரும்பி, "முன்னூறு கிலோ இரும்பை ஏத்துங்க சார். அரை மணி நேரம் கொடுங்க. அதுக்கப்புறம் நான் நகர்ந்துடறேன்" என்றார். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் ஃபிட்டர் தள்ளுவண்டியை எடுக்கப் பட்டறைக்கு நடந்துவிட்டார். பேருந்து கம்பெனிக்காரரில் மூத்தவர், "பார்க்கலாமே" என்றார்.

இருபத்தைந்து கிலோக் கட்டிகள் பன்னிரண்டு. ஃபிட்டர் ஒவ்வொன்றாகப் பலகையில் அடுக்கினார். பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் முழங்கால் உயரம் எழும்பி நின்றது. ஒரு சத்தமில்லை. எதுவும் வளையவில்லை. எல்லாம் நேற்றுப்போலவே இருந்தது. மேலாளரின் தோள் இறங்கியது, "போதுமாம்மா?" என்றார், கோபமில்லாமல். பாவம், சம்பந்தியம்மாவின் கையெழுத்து இன்றோடு போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சம்பந்தியம்மா சுமைக்கு அடியில் போகாமல் பக்கவாட்டில் பேருந்தின் சக்கரத்தை ஒட்டி மண்டியிட்டார். அறிக்கையிலிருந்து ஒரு தாளை உருவி, நீளவாக்கில் ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்தார். அந்தத் துண்டைப் பிராக்கெட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் நுழைத்துப் பார்த்தார். கீழ் விளிம்பில் நுழையவில்லை. இடப்பக்கம் நுழையவில்லை. வலப்பக்கமும் இல்லை. காகிதம் மடங்கியது, நீவிவிட்டுக்கொண்டார். மேல் விளிம்பில் வைத்தார். போயிற்று. மெதுவாகத் தள்ளத் தள்ள இன்னும் போயிற்று. அரை விரல் நீளம் போய்த் தட்டி நின்றது.

ஃபிட்டர் குனிந்து பார்த்தார். "நேத்து நான் இறுக்கினதுங்க இது. முடிகூட நுழையாது" என்றார் மேலாளரிடம். பிறகு ஸ்பேனரை வைத்து நாலு போல்ட்டையும் சோதித்தார். ஒன்றும் தளரவில்லை. இறுக்கிய போல்ட் இறுக்கியபடியே இருக்க, சுமை தகட்டை நெம்பித் திறந்திருக்கிறது. இன்று அரை விரல். தினம் ஐம்பது தடவை ஏறி இறங்கினால் எத்தனை நாள் தாங்கும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஃபிட்டர் லிஃப்டைத் தரைக்கு இறக்கப் போனார்.

அவரை ஒரு கணம் நிறுத்தச் சொல்லிவிட்டு, சம்பந்தியம்மா காகிதம் உள்ளே போன இடத்தில், சரியாக அந்த விளிம்பில், அளவுக்கு அடையாளமாகக் கட்டைவிரல் நகத்தை அழுத்தி வைத்துக்கொண்டார். நகத்தை எடுக்காமல் காகிதத்தை உருவினார். எழுந்தார். முழங்காலில் கிரீஸ். மேலாளர் கையை நீட்டினார், "எவ்வளவு, காட்டுங்க" என்றார். சம்பந்தியம்மா அந்தக் கையைத் தாண்டி நடந்தார். பேருந்து கம்பெனிக்காரர்களையும் தாண்டினார். ஹலோவின் முன்னால் உட்கார்ந்து, அவள் மடியில் இருந்த கையை விரித்து, காகிதத்தை வைத்தார். பிறகு தன் நகம் இருந்த அதே இடத்தில் அவளுடைய கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்திவிட்டு, தன் விரலை எடுத்தார்.